லின்னெட்டை இழுத்தவள்

முதுகைக் கொடுத்துத்தான் பெவ் டிரான்டர் கால்வாய் மதகைத் திறப்பாள். கதவிலிருந்து கரைமேல் நீண்டு கிடக்கும் ஓக் உத்தரத்தில் பின்புறத்தைச் சாய்த்து, தரையில் வரிசையாகப் பதித்த செங்கல்லில் குதிங்காலை ஊன்றி, ஒவ்வொரு அடியாகப் பின்னோக்கி நடப்பாள். கையால் தள்ளுகிறவர்களைக் கண்டால் அவளுக்குப் பொறுக்காது. "கை எதுக்கு கண்ணு? உக்கார்ற இடத்துல இவ்வளவு சதை வெச்சிருக்கே, அதுக்கு ஒரு வேலை குடு" என்பாள். இதைச் சொல்லும்போது அவள் கையில் டீ இருக்கும். கோப்பையில் இல்லை, சூடு தாங்கப் பழைய கம்பளிக் காலுறை மாட்டிய ஜாம் புட்டியில்.

வயது அறுபத்தொன்று. கால்சட்டையின் பின்பக்கம் உத்தரத்துக் கறுப்புச் சாயம் ஏறி மினுமினுக்கும்; எத்தனை துவைத்தாலும் போகாது, அவளும் அதிகம் துவைப்பதில்லை. எல்லாரும் அவளுக்குக் கண்ணுதான். படகுக்காரர்கள் கண்ணு, நோட்டீஸ் ஒட்ட வரும் அதிகாரி கண்ணு, ரொட்டிக்கு வரும் வாத்து கண்ணு. கோபம் வந்தால் மட்டும் ஆளின் முழுப்பெயரையும் சொல்லிக் கூப்பிடுவாள். அப்படிக் கூப்பிடப்பட்ட ஒருவர் அரை மைல் தள்ளிப்போய்ப் படகைக் கட்டினார் என்று கேள்வி.

தொழில், ஓடாத படகுகளை இடம் மாற்றுவது. எஞ்சின் இறுகிப்போனவர்கள், தாத்தா விட்டுப்போன படகை என்ன செய்வதென்று தெரியாமல் முழிக்கும் பேரன்கள், நாலு பீர் உள்ளே போன நேரத்தில் போனைத் தட்டிப் படகு வாங்கிவிட்டு மறுநாள் காலையில் தலையில் கை வைத்தவர்கள், எல்லாரும் கடைசியில் இவளைத்தான் கூப்பிடுவார்கள். கதை சொல்ல ஆரம்பித்தால் நடுவில் வெட்டிவிடுவாள். "அதெல்லாம் வேணாம் கண்ணு. எங்க இருக்கு, எங்க போகணும், மிதக்குதா. இந்த மூணு சொல்லு போதும்."

அவளுடைய சொந்தப் படகின் பெயர் பீட்ரூட். முப்பத்திரண்டு அடி, அந்தக் கிழங்கின் நிறமேதான். எஞ்சினுக்கு நடுப்படகு முழுக்க இடம் கொடுத்துவிட்டு, மிச்சமிருக்கும் மூலையில் ஒரு கரி அடுப்பு, ஒரு கட்டில், ஒரு ஜன்னல் என்று குடித்தனம் நடத்துகிறாள். வீடும் அதுதான், வண்டிமாடும் அதுதான். புருஷன் ஒருத்தர் இருந்தார். கரையில் வாழப் பிரியப்பட்டார், போய்விட்டார். கிறிஸ்துமஸுக்கு அட்டை வரும்.

"இருபது டன்னை நான் ஒத்தக் கையால இழுத்துடுவேன். நிறுத்தறதுதான் பாடு" என்று அடிக்கடி சொல்வாள். சும்மா பெருமைக்கு இல்லை. தண்ணீரில் மிதக்கிற இரும்புக்குக் கயிற்றைக் கட்டி, தோளில் போட்டுச் சாய்ந்து நின்றால், முதலில் ஒன்றும் நடக்காது. சாய்ந்தபடியே இருக்க வேண்டும். அப்புறம் மனசு வந்து மெல்ல நகரும். நகர்ந்துவிட்டால் அதற்கு வேறு எதுவும் காதில் விழாது. கரையில் நட்ட கட்டையில் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, புகை வர வரப் பிடித்து நிறுத்த வேண்டும். முப்பது வருடம் இப்படிச் சாய்ந்து சாய்ந்து அவளுடைய இடது தோள் வலது தோளைவிட ஒரு விரல் தாழ்ந்துவிட்டது.

இந்த வருடம் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. மார்ச்சிலிருந்து முப்பத்தொரு படகு. பாதி நாள் மழை. சாயங்காலமானால் முழங்கால் இரண்டும் பூசணிக்காய். கட்டிலில் ஏற, காலைக் கையால் தூக்கி வைக்க வேண்டியிருந்தது. அதனால்தான் இரண்டு வருடம் நடையாய் நடந்து, குளிர்காலத்துக்கென்று கௌலியில் படகு கட்ட ஒரு இடம் வாங்கினாள். பதினோரு மதகு வழியாக ஏற வேண்டிய பிரிம்லி மேட்டுக்கு மேலே ஒன்பது மைல். கரண்ட் இணைப்பு உண்டு, குழாய் உண்டு, ஐந்து நிமிட நடையில் அக்கா பாலின் வீடு. நாற்பது மூட்டை கரியை முன்கூட்டியே இறக்கி, மேலே தார்ப்பாய் போட்டு வைத்திருந்தாள். "நவம்பர் நடுவுக்கு மேல எவன் கூப்பிட்டாலும் போன் எடுக்க மாட்டேன். எங்க அக்கா வீட்டு பாத்டப்புல வெந்நிய ரொப்பிட்டு மார்ச் வரைக்கும் கிடப்பேன். செத்துட்டேன்னு நெனச்சுக்கங்க" என்று எல்லாரிடமும் சொல்லியாயிற்று.

நவம்பர் ஒன்பதாம் தேதி ஜனீன் ஹோல்ராய்ட் கூப்பிட்டாள்.

ஜனீன் பள்ளிக்கூடச் சமையலறையில் பரிமாறுகிறவள், நாற்பத்துநாலு வயது. விவாகரத்தில் அவள் பங்குக்கு வந்ததை வைத்து வாங்க முடிந்த ஒரே கூரை லின்னெட் என்ற படகு. எழுபதடி, அந்தக் காலத்தில் நிலக்கரி ஏற்றிய இரும்பு. எஞ்சின் இரண்டு வருடத்துக்கு முன்பே கண்ணை மூடிவிட்டது. அடித்தகட்டில் கசிவு, மூன்று மணிநேரத்துக்கு ஒருமுறை பம்பு தானாக ஓடித் தண்ணீரைத் துப்பும். அந்தச் சத்தம் கேட்டால்தான் தனக்குத் தூக்கம் வருகிறது என்றாள் அவள். இப்போது கட்டியிருந்த கரையை விற்றுவிட்டார்கள். போதாக்குறைக்குக் கால்வாய் நிர்வாகத்தின் கடிதம் வேறு: வருட முடிவுக்குள் சீர்செய்யாவிட்டால் படகைத் தூக்கிக்கொண்டுபோய் உடைத்துவிடுவோம். மேட்டுக்குக் கீழே ஸ்னெல் படகுப் பட்டறைக்காரர், கொட்டகைக்குள் குளிர்காலம் முழுக்க இடம் தருவதாகச் சொல்லியிருந்தார். ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் வந்து சேர வேண்டும். அன்று நாலு மணிக்குப் பிரிம்லியின் பதினோரு மதகுகளையும் பழுதுபார்க்க மூடி, தண்ணீரை வடித்துவிடுவார்கள். அப்புறம் மார்ச் கடைசியில்தான் திறப்பார்கள்.

"போன் எடுக்க மாட்டேன்னுதான் இருந்தேன்" என்றாள் பெவ், போனை எடுத்துவிட்டு.

புதன்கிழமை வந்த பெவ் வணக்கம்கூடச் சொல்லவில்லை. பையிலிருந்து இரண்டு முனையிலும் இரும்பு வளையம் கட்டிய நூலை எடுத்து, லின்னெட்டின் வயிற்றுக்குக் குறுக்கே நாலு இடத்தில் பிடித்துப் பார்த்தாள். இந்தப் பக்கத்து மதகுகளில் இரண்டு கதவுக்கும் நடுவே படகு நிற்கும் தொட்டியின் அகலம் ஏழடி. அதற்கு மேல் ஒரு அங்குலம் கிடையாது. பழைய சுமைப்படகுகளுக்கு வயதானால் பக்கவாட்டில் விரியும்.

"இடுப்பு பெருத்துடுச்சு கண்ணு."

"எவ்வளவு பெருத்திருக்கு?" என்றாள் ஜனீன்.

"என்னளவு இல்ல. ஆறடி பதினொண்ணரை அங்குலம். அஞ்சு மதகு வரைக்கும் கவலையில்ல. ஆறாவதுதான் மாமியார். அதோட சுவர் உள்ளாற சாய்ஞ்சிருக்கு, அதைச் சரிபண்ணத்தானே மூடறாங்க. விட்டா விடும், இல்லாட்டி இல்ல."

வியாழக்கிழமை முழுக்க இழுவை. பீட்ரூட் முன்னால், முப்பதடிக் கயிறு, பின்னால் லின்னெட். லின்னெட்டின் சுக்கானைப் பிடித்தபடி ஜனீன் நின்றாள். பெவ் திரும்பியே பார்க்கவில்லை; கயிறு இழுபடுகிற சத்தத்தை வைத்தே பின்னால் என்ன நடக்கிறதென்று அவளுக்குத் தெரியும். மத்தியானம் ஜனீன் பள்ளிக்கூடத்தில் மிஞ்சிய கேக்கையும் கஸ்டர்டையும் ஒரு டப்பாவில் நீட்டினாள். பெவ் நின்றபடியே சாப்பிட்டாள். "பிள்ளைங்க இதை வேணாம்னா சொல்லுதுங்க? கொழுப்பு" என்றதுதான் அன்று அவள் பேசிய நீளமான பேச்சு. இருட்டுவதற்குள் மேட்டின் உச்சிக்கு வந்து கட்டிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு முதல் மதகில் டெரன்ஸ் மோஸ் நின்றிருந்தார். ஓய்வுபெற்ற நில அளவையர். சம்பளமில்லாமல் மதகு பார்த்துக்கொள்கிறவர், அதனாலேயே சம்பளக்காரர்களைவிட நாலு மடங்கு கண்டிப்பு. நீல ஜாக்கெட், கழுத்தில் விசில், அட்டையில் செருகிய காகிதம்.

"நாலு மணிக்குப் பூட்டிடுவேன் மிஸஸ் டிரான்டர். கீழேருந்து மேல ஏறுற படகை ரெண்டு மணிக்கு மேல உள்ள விட மாட்டேன்."

"பன்னெண்டுக்குக் கீழ இறங்கிடுவோம். ஒரு மணிக்கு இவளைப் பட்டறைல விட்டுட்டு, ரெண்டுக்குள்ள நான் திரும்பி வந்து நிப்பேன். அட்டைல எழுதிக்க கண்ணு."

அவர் எழுதிக்கொண்டார்.

இரண்டு படகு என்றால் ஒவ்வொரு மதகையும் இரண்டு தடவை இயக்க வேண்டும். முதலில் பீட்ரூட் தொட்டிக்குள் போகும். கதவை மூடி, மடையைத் திறந்து தண்ணீரை இறக்கி, கீழ்க் கதவு வழியாக வெளியே விட வேண்டும். மறுபடி தொட்டியை நிரப்ப வேண்டும். அப்புறம் லின்னெட்டைக் கயிறு போட்டுத் தோளால் இழுத்து உள்ளே கொண்டுவர வேண்டும். மடை திறக்கும் இரும்புச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு பெவ் மேலும் கீழுமாக நடந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. முழங்கால் படிக்குப் படி முனகியது. ஒவ்வொரு கதவிலும் அவள் கொஞ்சம் கூடுதலாகச் சாய்ந்து நின்றதை ஜனீன் கவனித்தாள்.

ஐந்தாவதைத் தாண்டியதும், ஆறாவதுக்கு முன்னால் தண்ணீர் தேங்கி நிற்க வேண்டிய குளம் பாதி வற்றிக் கிடந்தது. யாரோ இரவில் ஒரு மடையைச் சரியாக இறக்காமல் போயிருக்கிறார்கள். மேலேயிருந்து தண்ணீர் விட டெரன்ஸ் சைக்கிளில் போனார். நாற்பது நிமிடம் ஆகும். பாதைப் பக்கம் சேறாக இருந்ததால் எதிர்ப்பக்கத்துப் பழைய கல் சுவரோரம் லின்னெட்டைக் கட்டினார்கள். லின்னெட்டின் அந்தப் பக்கத் தகடுதான் ரொம்ப மெலிவு. கல்லில் உரசி ஓட்டை விழுந்துவிடக் கூடாதே என்று பீட்ரூட்டிலிருந்து தலையணை தடிமனுள்ள ரப்பர் உருளை ஒன்றைக் கொண்டுவந்து, லின்னெட்டின் பக்கவாட்டில் போர்த்தியிருந்த தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கி, உள்ளேயிருந்த வளையத்தில் கட்டி, படகுக்கும் சுவருக்கும் நடுவில் பெவ் தொங்கவிட்டாள். அப்புறம் கூரைமேல் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் அப்படியே தூங்கிவிட்டாள். வேலை நேரத்தில் அவள் தூங்கி யாரும் பார்த்ததில்லை.

டெரன்ஸின் விசில் எழுப்பியது. தண்ணீர் வந்திருந்தது. பத்து மணியாகியிருந்தது. பெவ் துள்ளி எழுந்து பீட்ரூட்டை ஆறாவது மதகு வழியாக இறக்கி, கீழே கட்டிவிட்டு, மேலே ஓடிவந்து லின்னெட்டின் கயிற்றைத் தோளில் போட்டாள்.

பாதிப் படகு தொட்டிக்குள் நுழைந்திருக்கும். ஒரு முனகல் கேட்டது, அவ்வளவுதான். லின்னெட் நின்றுவிட்டது.

பெவ் இழுத்தாள். ஜனீன் இறங்கிவந்து அவளும் இழுத்தாள். பின்பக்கம் கயிறு போட்டு வந்த வழியே இழுத்தார்கள். வரவில்லை. ஜனீனைக் கூரையில் ஏற்றி இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் நடக்கவைத்து ஆட்டிப் பார்த்தார்கள். பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தை ஒரு பாட்டில் முழுக்கச் சுவரில் ஊற்றினார்கள். கால்வாய் நுரை நுரையாக மணத்தது. மேல் மதகைத் திறந்து ஒரு பெருக்குத் தண்ணீரை அனுப்பினார் டெரன்ஸ். அது லின்னெட்டை இன்னும் நாலு அங்குலம் உள்ளே தள்ளி, இறுக்கி வைத்துவிட்டுப் போயிற்று.

மணி பன்னிரண்டரை.

"மேலிடத்துக்குப் போன் பண்ணித்தான் ஆகணும்" என்றார் டெரன்ஸ். "மதகு அடைச்சுக் கிடக்கு. நாலு மணிக்கு என்னால தண்ணி வடிக்க முடியாது."

"மேலிடம் வந்து என்ன பண்ணும்?"

அவர் அட்டையைப் பார்த்தார். "கிரேன் இந்தப் பக்கம் வர வழியில்ல. இருக்கிற இடத்துலயே வெச்சு வெட்டித்தான் எடுப்பாங்க."

ஜனீன் அதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். அவளிடம் சொல்ல வேண்டிய வேலை பெவ்வுக்கு வந்து சேர்ந்தது. இந்த மாதிரிச் சேதியை அவள் இதற்கு முன்னும் சிலரிடம் சொல்லியிருக்கிறாள், சுற்றிவளைக்கத் தெரியாது.

"போகாது கண்ணு. பெருத்துட்டா. நான் அளந்தப்பவே அரை அங்குலம்தான் மிச்சம் இருந்துச்சு. சுவரும் சாய்ஞ்சு, இவளும் விரிஞ்சு, நான் என்ன பண்ண. எடுக்க வேண்டியதை எடுத்துக்க."

"எல்லாத்தையுமா?"

"கையால தூக்க முடிஞ்சதை."

ஜனீன் உள்ளே போனாள். அழுதிருந்தால் பெவ்வுக்குச் சமாளிக்கத் தெரியும். அவள் அழவில்லை. டோஸ்டரைக் கொண்டுவந்து புல்லில் வைத்தாள். ஒரு ஜோடி வெள்ளை வேலைச் செருப்பு. ஒரு கள்ளிச்செடி. போர்வை. திரும்பிப் போய் ஜன்னல் திரையைக் கம்பியோடு கழற்றிக் கொண்டுவந்தாள். அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் சிறிது நேரம் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"இன்னிக்கு ராத்திரி எங்க போவே?" என்றாள் பெவ்.

"தெரியல. ஸ்கூல்ல சாவி இருக்கு என்கிட்ட. திங்கள்கிழமை வரைக்கும் யாரும் வர மாட்டாங்க."

பெவ்வுக்கு அவள்மேல் பாவமாக இருந்தது. உண்மையைச் சொன்னால், பாவத்துக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது: அப்பாடா. இதோடு முடிந்தது. பீட்ரூட் இந்த மதகுக்குக் கீழேதான் கிடந்தது, லின்னெட் அகலாமல் அதுவும் ஏற முடியாதுதான். ஆனால் வெட்ட வருகிறவர்கள் வழி விடத்தானே வேண்டும், இரண்டு நாளில் மேலே ஏறிப் போய்விடலாம், கரண்ட், கரி, பாலின் வீட்டு வெந்நீர். இழுக்க இனி ஒன்றும் இல்லை. இப்படி நினைத்த மாத்திரத்தில் அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. புல்லில் சேரும் சாமான்களைப் பார்க்க மாட்டாமல், கதவுமேல் இருந்த நடைபலகை வழியாக எதிர்ப்பக்கம் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

கண்ணுக்கு நேரே லின்னெட்டின் தார்ப்பாய் ஓரம். அதற்கடியில் ஒரு விரல் நீளத்துக்கு நீலக் கயிறு தெரிந்தது. தார்ப்பாயைத் தூக்கினாள். வளையத்தில் ஒரு முடிச்சு. இரண்டு சுற்று, ஒரு கொக்கி, வால் உள்பக்கம். அப்படிப் போடுகிறவள் இந்தக் கால்வாயில் ஒருத்திதான். கயிறு விறைப்பாக இறங்கி, படகுக்கும் சுவருக்கும் நடுவே நசுங்கிக் கிடந்த ரப்பர் உருளைக்குள் போயிற்று.

தொட்டிக்குள் போகுமுன் உருளையைத் தூக்கு. கால்வாய்க்கு வந்த முதல் நாள் எவனுக்கும் சொல்லித்தருவது இதைத்தான். விடுமுறைக்கு வாடகைப் படகு எடுக்கிற கல்யாணக் கோஷ்டிகூட இதில் தப்பு செய்தால் பக்கத்துப் படகுக்காரர்கள் ஒரு வாரம் சிரிப்பார்கள்.

"பெவர்லி ஆன் டிரான்டர்" என்றாள் பெவ், மெதுவாக, தன்னிடமே.

இரண்டு மணிநேரம் ஒரு மனுஷியின் வீட்டைப் பெருத்துவிட்டது, பெருத்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். யாரும் இந்தப் பக்கம் வரவில்லை, யாரும் பார்க்கவில்லை. சத்தமில்லாமல் கயிற்றை அறுத்து, கழியால் ஒரு குத்துக் குத்தி உருளையைத் தண்ணீருக்கடியில் அனுப்பிவிட்டு, இன்னொரு தடவை இழுத்துப் பார்க்கலாம் வா என்றால் முடிந்தது. அதிசயம் என்றுகூடச் சொல்வார்கள். இந்த யோசனை வந்து, இரண்டு மூச்சு நேரம் தங்கி, போனது.

"ஜனீன்" என்று கூப்பிட்டாள். "அந்தத் திரையைக் கீழ போட்டுட்டு ரொட்டிக் கத்தியை எடுத்துட்டு வா."

ஜனீன் வந்து குனிந்து பார்த்தாள். அவளுக்குப் புரியவில்லை.

"இது நான் கட்டினது. எடுக்க மறந்துட்டேன். உன் படகு பெருக்கவும் இல்ல, ஒண்ணும் இல்ல. தூங்குமூஞ்சி நான்தான்."

"அப்போ போகுமா?"

"திட்டறதா இருந்தா இப்பவே திட்டிடு கண்ணு. அப்புறம் எனக்கு நேரம் இருக்காது."

ஜனீன் கத்தியை நீட்டினாள், பிடியைப் பெவ் பக்கமாக வைத்து.

கயிறு அறுந்தது. பெவ் கழியை உருளைமேல் ஊன்றி, உடம்பு முழுவதையும் அதன்மேல் போட்டாள். மூன்றாவது அழுத்தலில் அது பொத்தென்று கீழே போயிற்று. சோப்பு ஏற்கெனவே இருக்கவே இருந்தது. லின்னெட் வழுக்கிக்கொண்டு போன வேகத்தில், நிறுத்தக் கட்டையில் நாலு சுற்றுப் போட வேண்டியிருந்தது. புல்லில் கிடந்த சாமான்களை ஜனீன் அள்ளி அள்ளி உள்ளே போட்டாள். கள்ளிச்செடி கையில் குத்தியதைக்கூட அவள் பார்க்கவில்லை.

லின்னெட் தொட்டிக்குள் இறங்கிக்கொண்டிருந்தபோது டெரன்ஸ் பெவ் பக்கத்தில் வந்து நின்றார். மணி ஒன்றேகால்.

"இன்னும் அஞ்சு மதகு இருக்கு மிஸஸ் டிரான்டர். அஞ்சும் ரெண்டு தடவை. மூணுக்கு முன்னால நீங்க அடில போய்ச் சேர மாட்டீங்க."

"தெரியும்."

"ரெண்டு மணிக்கு மேல ஏத்த என்னால முடியாது. எழுத்துல குடுத்திருக்காங்க. உங்க இடம் கௌலியில இல்ல?"

"ஆமா."

"இவங்க வெளிய வந்ததும் பீட்ரூட்டைத் திருப்பி இதுக்குள்ள ஏத்திட்டா, நாலுக்குள்ள உச்சிக்குப் போயிடலாம். நான் கூடவே வந்து திறந்து விடறேன்."

பெவ் கீழே பார்த்தாள். ஜனீன் சுக்கானைப் பிடித்தபடி, மேலே நடக்கிற பேச்சு காதில் விழாத ஆழத்தில், முகத்தில் தெளித்த சோப்பு நுரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இவளை விட்டுட்டா?"

"இந்தக் குளம் எல்லாம் ராத்திரிக்குள்ள வடிஞ்சிடும். படகு சேத்துல உக்காரும். மார்ச்சுல..." அவர் முடிக்கவில்லை. அந்தத் தகடு மார்ச் வரை சேற்றில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பது நில அளவையருக்கும் தெரியும். கடைசி மதகிலிருந்து பட்டறைக்கு ஒரு மைல் அகலமான தண்ணீர், எதிர்க்காற்று. எஞ்சின் இல்லாமல் ஜனீன் தனியாக எங்கேயும் போக முடியாது.

பெவ் முழங்காலைத் தேய்த்தாள். மேலே கௌலிக்குப் போக வேண்டும் என்று அவளுக்கு அழுகை வரும்போல் ஆசையாக இருந்தது.

"டெரன்ஸ் மோஸ்" என்றாள். "அந்தக் கயித்தைப் பிடி."

"படகுக் கயித்தைத் தொட எங்களுக்கு அனுமதி இல்ல."

"பிடின்னேன்."

டெரன்ஸ் பாதையின் இரு பக்கமும் பார்த்தார். அட்டையைப் புல்லில் வைத்தார். கயிற்றைப் பிடித்தார்.

அடுத்த ஐந்து மதகையும் மூன்று பேராக இறக்கினார்கள். எட்டாவதில் பெவ் கதவைத் தள்ளியபோது கால் மடங்கி, உத்தரத்திலேயே கொஞ்சம் தொங்கினாற்போல் நின்றாள். டெரன்ஸ் மறுபக்கக் கதவை மூடிவிட்டு வந்து இதையும் தள்ளினார், கையால்தான். பெவ் அதைப் பார்க்காதவள்போல் அடுத்த மதகுக்கு நடந்தாள். மூன்று மணிக்குப் பதினொன்றாவது திறந்தது. காற்று எதிரே இருந்தது. ஒரு மைலுக்கு முக்கால் மணிநேரம் ஆனது. ஸ்னெல் பட்டறையில் இரண்டு ஆட்கள் காத்திருந்து, லின்னெட்டை வாங்கி, தண்டவாளத்துத் தள்ளுவண்டிமேல் ஏற்றிக் கொட்டகைக்குள் இழுத்தார்கள். தண்ணீரிலிருந்து மேலே வந்ததும் அதன் அடிவயிறு முழுக்கத் தெரிந்தது. நத்தையும் துருவுமாக, பார்க்கச் சகிக்கவில்லை. ஜனீன் அதைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தாள்.

பெவ்விடம் ஓடிவந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கௌலி இருப்பது மேட்டுக்கு மேலே என்று ஜனீனுக்குத் தெரியாது. "இனி நேரா கௌலிதானே? மார்ச் வரைக்கும் வெந்நியில கிடக்கப் போறீங்க."

"ஆமா ஆமா. நீ உள்ள போய் நில்லு கண்ணு. பாத்துக்கலைன்னா சுக்கானை இடிச்சு வளைச்சிடுவானுங்க."

ஜனீன் உள்ளே போனாள். கொட்டகைக் கதவை யாரோ இழுத்துச் சாத்தினார்கள்.

ஒரு மைல் தள்ளி மேட்டில் டெரன்ஸ் மதகுகளைப் பூட்டிக்கொண்டிருப்பார். நாலு மணி. பெவ் பீட்ரூட்டை எதிர்க்கரைக்கு ஓட்டினாள். அங்கே கரண்ட் கம்பமும் கிடையாது, குழாயும் கிடையாது, காற்றுக்கு மறைப்பாக ஒரு வேலிகூடக் கிடையாது. படகு கட்டும் முளை இரண்டையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு இறங்கினாள். ஒரு ராத்திரித் தங்கலுக்கு முளையைப் பாதிதான் அடிப்பார்கள், காலையில் பிடுங்க வசதியாக. பெவ் முதல் முளையை அதன் தலை புல்லுக்குள் மறைகிற வரைக்கும் அடித்தாள். சுத்தியலைக் கீழே வைத்து, தோளை ஒருமுறை உருட்டிக்கொண்டு, இரண்டாவதையும் அப்படியே அடித்து இறக்கினாள்.